ஞாயிற்றுக்கிழமை அணு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. எங்கள் வரைபடத்தில், யாரும் எதிர்பாராத இடத்தில், ஓர் அணு முளைத்தது.
2. சார் செருப்பைக் கழற்றினார்.
3. அது தண்ணீர் என்று முடிவாகி, சென்னைக்குக் கடிதம் போயிற்று.
4. அதைக் கண்டுபிடித்த பெண்ணை ஆராய்ச்சி மாணவியாகச் சேர்த்துக்கொள்கிறோம் என்று சென்னையிலிருந்து பதில் வந்தது. அந்தப் பெண் நான்.
5. நான் ட்ரங்குப் பெட்டி வாங்கினேன்.
6. அது தண்ணீர் இல்லை என்று தெரிந்தது. அணுவே இல்லை. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஆறாவதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். வயது இருபத்தெட்டு. சிரிக்க வேண்டாம். சென்னையில் கம்ப்யூட்டர் என்ற கணக்கு இயந்திரம் வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பெண்கள் ஆறு வாரம் உட்கார்ந்து போடும் கூட்டலை, நாம் ஒரு காபி ஆற்றிக் குடிப்பதற்குள் அது போட்டுவிடுகிறது. ஆகவே எங்கள் அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தாயிற்று. எங்கள் அறை இருந்த கல்லூரியில் இப்போது இயற்பியல் படிக்கும் பெண்கள் நான்கு பேர் வீட்டுக்கு வந்து, "மெஷின் இல்லாம அணுவ எப்படிக்கா பாத்தீக?" என்று கேட்டார்கள். பார்க்கவில்லை, கூட்டினோம் என்றேன். அவர்களுக்கு அது போதவில்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விருதுநகர்ப் பக்கத்துக் கிராமம், பருத்தி விவசாயம் செய்யும் குடும்பம், மதுரையில் இயற்பியல் பட்டம், பட்டம் வாங்கிய கையோடு கல்யாணப் பேச்சு. அந்தப் பேச்சுக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் வேலைக்கு மனுப் போட்டேன். இடைவெளி இன்னும் முடியவில்லை.

வேலை, விருதுநகரில் ஒரு கல்லூரியின் பின்கட்டில் இரண்டு அறைகளில். ஓர் அறையில் எக்ஸ்ரே குழாய். மற்றதில் நாங்கள். நடத்தியவர் பேராசிரியர் வேலுச்சாமி. காரியாபட்டிக்காரர். இரண்டு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு, அங்கே கழித்துக் கட்டிய ஒரு குழாயைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவர். புரதம் என்பது நீண்ட சங்கிலி. முழுச் சங்கிலியைப் பார்க்க நமக்கு வசதி இல்லை. ஆகவே இரண்டு கண்ணி, மூன்று கண்ணி உள்ள சின்னத் துண்டுகளை எடுத்து, எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்போம் என்பது அவர் திட்டம். "சென்னையிலேயே இருந்திருக்கலாமே சார்?" என்று ஒருமுறை கேட்டேன். "அங்கன காத்துல ஈரம். கரண்டு குழாய விட்டு வெளிய பாயும். தீப்பெட்டி காயுற ஊருலதான் குழாய்க்கும் சுகம், தாயி" என்றார்.

அவருடைய வழக்கங்கள்: கூட்டும்போது முனகுவார். கூட்டல் சரியாக வந்தால் முனகல் ஏறும். சந்தோஷம் தாங்காவிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அறையைச் சுற்றுவார். அணுக்களுக்கு உறவுமுறை வைத்திருந்தார். வரைபடத்தில் பெரிய மேடாக வரும் ஆக்சிஜன் அண்ணாச்சி, நைட்ரஜன் மச்சான், கார்பன் தம்பி. "அண்ணாச்சி வந்துட்டாரு, மச்சான் எங்க?" என்று அவர் கேட்பதை வெளியில் நின்று கேட்டவர்கள், உள்ளே கல்யாணப் பந்தி நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

என்னோடு வேலை பார்த்தவள் செல்லத்தாய். ஆனைக்குட்டத்துப் பெண். அவள் வீட்டில் எல்லோருக்கும் தீப்பெட்டி ஆபீஸ் வேலை. இவளும் பள்ளி இறுதி வகுப்பு முடிக்கும்வரை லீவு நாளெல்லாம் அங்கே குச்சி அடுக்கியவள். அந்த விரல்களைச் சார் பத்து நிமிடம் பார்த்துவிட்டு வேலை கொடுத்தார். நான் ஒரு சீட்டைத் தேடி எடுப்பதற்குள் அவள் ஐந்து எடுத்துவிடுவாள். எடுத்துவிட்டு, "யக்கா, பி.எஸ்ஸி.யில இதெல்லாம் சொல்லித்தர மாட்டாகளா?" என்பாள்.

சீட்டு என்றால் என்ன என்று சொல்ல வேண்டும்.

படிகத்தின் வழியாக எக்ஸ்ரே போனால் பிலிமில் புள்ளிகள் விழும். சில கறுப்பு, சில சாம்பல். ஒவ்வொரு புள்ளியும் ஓர் அலை. எல்லா அலைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக் கூட்டினால், எந்த இடத்தில் மேடு தட்டுகிறதோ அங்கே அணு. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அலைகள் நூற்றுக்கணக்கில். ஆகவே ஒவ்வோர் அலைக்கும், அதன் ஒவ்வோர் உச்ச உயரத்துக்கும், விரல் அகலத்தில் ஓர் அட்டைச் சீட்டு. அதில் பூஜ்யம் முதல் பதினைந்து வரை பதினாறு இடங்களில் அந்த அலையின் உயரம் எழுதியிருக்கும். பிலிமைப் பார்த்து, தேவையான சீட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து கீழாக ஒவ்வொரு கட்டத்தையும் கூட்ட வேண்டும். பிறகு கூட்டுத்தொகைகளைப் பெரிய தாளில் குறித்து, ஒரே உயரங்களைக் கோட்டால் இணைத்தால் குன்றுகள் தெரியும். நான் ஒருமுறை, செல்லத்தாய் ஒருமுறை, தனித்தனியாகக் கூட்டுவோம். இரண்டும் ஒத்துப்போனால்தான் சார் கையில் கொடுப்போம்.

முதலில் சீட்டுகளை நாங்களே கையால் எழுதினோம். நாலாயிரத்துக்கு மேல். சித்திரை வந்தது, வியர்வையில் மூன்று எட்டாகியது, ஒன்று காணாமலே போனது. "அச்சடிச்சிருவோம்" என்றார் சார். அச்சென்றால் சிவகாசி. மூவரும் பஸ் ஏறினோம்.

காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் அடிக்கும் அச்சகம் அது. போர்மேன் பெயர் சங்கரலிங்கம். எங்கள் மாதிரித் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"என்ன சார் இது, பஸ் டிக்கெட்டா?"

"அலைய்யா. கடல் அலை மாதிரி."

"சிவகாசியில உக்காந்துக்கிட்டு கடல் அலையா. சரி, அடிச்சிருவோம். இதுல சில நம்பரு தலையில கோடு போட்டிருக்கீகளே, அது என்னது?"

"அது கழிக்க வேண்டியது. கோடு சின்னது, அச்சுல விழுந்தாலும் விழும், விழாமலும் போகும். அதனால கழிக்கிறதச் சிவப்பு மையில போட்டுருங்க. கூட்டுறது கறுப்பு."

சங்கரலிங்கம் தாளைக் கீழே வைத்துவிட்டார். "கழிக்கிறதுக்குப் போய்ச் சிவப்பா? சார், சிவப்பு நல்ல நாளுக்குல்ல. முப்பது வருசமா ஞாயிறுக்கும் பண்டிகைக்கும் சிவப்புப் போட்ட கை இது. போடச் சொன்னாப் போடுவேன். ஆனா மனசு வராது."

சாருக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. "அதுவும் சரிதான். கூட்டுறதச் சிவப்புல போடுங்க, கழிக்கிறதக் கறுப்புல போடுங்க. எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "பாத்தியா தாயி, அந்த ஆளுக்கு ஒரு கொள்கை இருக்கு" என்று மூன்று தடவை சொன்னார்.

காலண்டர் சீசன் நெருக்கடியிலும் மார்கழி பிறப்பதற்குள் சீட்டுகள் வந்துவிட்டன. அருமையான அட்டை, அழகான எழுத்து. ஒவ்வொரு சீட்டாகச் சரிபார்த்திருக்க வேண்டும். நூற்றுக்கு ஐந்து எடுத்துப் பார்த்தோம். ஐந்தும் சரி. மீதியையும் நம்பிவிட்டோம். கூடவே அச்சகத்தார் அன்பளிப்பாக அடுத்த வருடக் காலண்டர் ஒன்றும் அனுப்பியிருந்தார்கள். சுவரில் மாட்டினோம்.

புதுச் சீட்டுகளில் போட்ட முதல் பெரிய கணக்கு, இரண்டு அமினோ அமிலங்கள் கைகோத்த ஒரு மூலக்கூறு. மூன்று வாரம் கூட்டினோம். அண்ணாச்சி, மச்சான், தம்பிமார் எல்லோரும் அவரவர் இடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அதற்குமேல் ஏழாவது கட்டத்தில் ஒரு பெரிய மேடு. பதினாலாவது கட்டத்தில் ஒரு சின்ன மேடு. அங்கே வைக்க எங்களிடம் அணு எதுவும் மிச்சமில்லை. நான் கூட்டியதிலும் இருந்தது, செல்லத்தாய் கூட்டியதிலும் இருந்தது. மேட்டை முதலில் வரைந்து காட்டியவள் நான்.

சார் முனகினார். முனகல் ஏறியது. செருப்புகள் கழன்றன.

"தண்ணி! பக்கத்துப் பக்கத்து ரெண்டு மூலக்கூறையும் ஒரு தண்ணி பிடிச்சு வச்சிருக்கு. ஏ தாயி, இந்த ஜில்லாவுலயே தண்ணி இருக்குற ஒரே எடத்தக் கண்டுபிடிச்சிட்ட!"

"அந்தச் சின்ன மேடு என்ன சார்?" என்றேன்.

"அது... அரைத் தண்ணி."

"நம்ம தெருக் குழாய் மாதிரியா சார்?" என்றாள் செல்லத்தாய்.

சென்னைக்கு அன்றே கடிதம் எழுதினார். அங்கே பொங்கல் முடிந்ததும் ஒரு கருத்தரங்கு. அதில் இதைப் படிக்க இடம் கேட்டார். மேட்டைக் கண்டவள் இன்னாள் என்று என் பெயரையும் எழுதினார். பத்தே நாளில் பதில் வந்தது. கருத்தரங்கில் இடம் உண்டு; தண்ணீரைக் கண்டுபிடித்த பெண்ணுக்கு ஆராய்ச்சி மாணவியாக இடமும் உண்டு; பிப்ரவரி பிறந்ததும் சேரலாம். அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்தார். "படிச்சிட்டு வாரேன்னா வா" என்றார். எங்கள் வீட்டில் இவ்வளவு நீளமான சம்மதத்தை நான் கேட்டதில்லை. மறுநாள் ட்ரங்குப் பெட்டி வந்தது. அதில் என்னென்ன வைப்பது என்று ஒரு பட்டியல் எழுதினேன். இருபத்தேழு சாமான்.

இன்னொரு பட்டியலும் எழுதினேன். அதை யாருக்கும் காட்டவில்லை. சந்தேகங்கள்:

முதலாவது, படிகத்தில் தண்ணீர் இருந்தால் சூடுபடுத்தினால் எடை குறைய வேண்டும். வேதியியல் துறையின் நுண்தராசில் நானே எடை போட்டேன். அடுப்பில் நாலு மணி நேரம் வைத்தேன். மறுபடி எடை போட்டேன். ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை. "தராசு பொய் சொல்லுது" என்றார் சார். இரண்டாவது, அந்தத் தண்ணீர் பக்கத்துக் கார்பனுக்கு ரொம்ப நெருக்கத்தில் இருந்தது. "கூட்டத்துல அப்படித்தான் இடிச்சுக்கிட்டு நிப்பாக" என்றார். மூன்றாவது, அரைத் தண்ணீர். அதைப் பற்றிக் கேட்க எனக்கு மனமில்லை. இடம் என்னுடையதல்லவா.

சார் ரயிலேறும் நாள் வந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு மதுரைப் பாசஞ்சர். காலையில் நான் சீட்டுகளைப் பெட்டியில் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தேன். செல்லத்தாய் காலண்டர் முன்னால் நின்றாள்.

"யக்கா, நீங்க மெட்ராஸ் போறதுக்குள்ள இன்னும் எத்தன ஞாயித்துக்கெழம இருக்கு? ஏழு, பதினாலு போயிருச்சு. இருபத்தொண்ணு, இருபத்தெட்டு. ரெண்டுதான்."

"என்ன சொன்ன?"

"ரெண்டுதான்னேன்."

"அதுக்கு முன்னால?"

"ஏழு, பதினாலு..."

என் கையில் இருந்தது மூன்றாவது அலையின் எண்பதாம் சீட்டு, அதாவது அலையின் உச்சம் எண்பது. அதுவரை நான் எந்தச் சீட்டையும் குறுக்கே வாசித்ததில்லை. எங்கள் கூட்டல் முழுக்க மேலிருந்து கீழ். அன்றுதான் முதல்முறை இடமிருந்து வலமாக வாசித்தேன். எண்பது, எழுபத்தாறு, அறுபத்தைந்து என்று சிவப்பாகத் தொடங்கி இறங்கியது. பூஜ்யத்தைத் தாண்டிக் கறுப்பானது. ஆறாம் கட்டத்திலிருந்து பதினாலு வரை கறுப்பாகவே இருந்தாக வேண்டும். அலை என்றால் அப்படித்தான். ஆனால் ஏழாம் கட்டத்தில் நாற்பத்தேழு சிவப்பு. பதினாலாம் கட்டத்தில் இருபத்தைந்து சிவப்பு. அக்கம்பக்கமெல்லாம் கறுப்பு.

செல்லத்தாய் என் தோள் வழியாகப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். பிறகு மறுபடி சீட்டைப் பார்த்தாள். "யக்கா, இது ஜனவரிக்கா!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. ட்ரங்குப் பெட்டி நினைவுக்கு வந்தது, அப்போதும் நிற்கவில்லை. அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்த பிறகு பார்த்தோம்: மூன்றாவது அலையில் அறுபத்தொன்று முதல் எண்பது வரை, இருபது சீட்டுகளிலும் அதே இரண்டு சிவப்பு. அச்சுத் தாள் ஒன்றுக்கு இருபது சீட்டு. ஆக, ஒரு தாள் கெட்டிருக்கிறது. ஒரு தாள் மட்டுமா, இன்னும் எத்தனையோ? நாலாயிரம் சீட்டையும் குறுக்கே வாசிக்க நாலு நாளாகும். ரயிலுக்கு ஏழு மணி நேரம் இருந்தது.

"நீ இந்த இருபதுக்கும் திருத்தம் போடு. கழிக்க வேண்டியதக் கூட்டியிருக்கோம், அதனால ரெண்டு மடங்கு எடுக்கணும். நாப்பத்தேழுன்னா தொண்ணூத்து நாலு. நான் சிவகாசி போய் புரூப் கட்டப் பாத்துட்டு வாரேன்" என்றேன்.

"சாரு கிட்ட?"

"முதல்ல எத்தன தாள்னு தெரியட்டும்."

சங்கரலிங்கம் அச்சக வாசலிலேயே நின்றார். "வாங்க தங்கச்சி, என்ன இம்புட்டு வேகமா வாரீக? சாப்பிட்டீகளா?"

சாப்பிடவில்லை என்று சொல்லாமல், அச்சடிக்கும் முன் சரிபார்த்த புரூப் தாள்களின் கட்டைக் கேட்டேன். சணலால் கட்டி எங்கள் தாள்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தார். புரட்டினேன். ஒரே ஒரு தாளில் நீலப் பென்சிலால் ஏழாம் வரிசையையும் பதினாலாம் வரிசையையும் நெடுக வட்டம் போட்டு, "சிவப்பு!!" என்று எழுதியிருந்தது. இரண்டு ஆச்சரியக்குறி.

"இது உங்க கையெழுத்தா அண்ணாச்சி?"

"ஆமா. காலண்டர் புரூப்போட கலந்து வந்துச்சு. மேல பாத்தேன், ஒண்ணு ரெண்டு மூணுன்னு தேதி. ஏழு கறுப்பா இருக்கு, பதினாலு கறுப்பா இருக்கு. பதினாலு ஞாயிறும் பொங்கலும் ஒண்ணா வருது தங்கச்சி! பொங்கலக் கறுப்புல அடிச்சா நாளைக்கு எவன் ஆர்டர் குடுப்பான்? கம்பாசிட்டர அம்புட்டு ஏசினேன், பாவம்."

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு எல்லாம் சிவப்பா இருக்கே. அதப் பாக்கலையா?"

"ஒண்ணு புது வருசம். மத்தது கம்பெனி லீவுன்னு நெனச்சேன்."

"கீழ இத்தன நம்பரு இருக்கே?"

"ராகு காலம், எமகண்டம் எதாச்சும் இருக்கும்னு விட்டுட்டேன்." அவர் முகம் மெல்ல மாறியது. "ஏன் தங்கச்சி, எதும் தப்பாயிப்போச்சா?"

"ஒண்ணுமில்ல. ஒரு எடத்துல தண்ணி வந்திருச்சு."

"தண்ணி வந்தா நல்லதுதான?"

அந்தத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டேன். மற்றவற்றில் நீலப் பென்சில் எங்கும் இல்லை. திரும்பும் பஸ் திருத்தங்கல் தாண்டி டயர் பஞ்சராகி நின்றது. மரத்தடியில் நின்று ஒரு பட்டியல் போட்டேன். சொன்னால்: கருத்தரங்கில் படிக்கத் தண்ணீர் இல்லை, தண்ணீரைக் கண்டுபிடித்தவளும் இல்லை, இடமும் இல்லை. சொல்லாவிட்டால்: என்றாவது ஒருநாள் யாராவது குறுக்கே வாசிப்பார்கள். இரண்டாவது பட்டியலில் அந்த ஒரு வரிதான் இருந்தது. அது போதுமாக இருந்தது.

நான் அறைக்குப் போனபோது மணி மூன்றரை. செல்லத்தாய் திருத்திய வரைபடத்தை மேஜையில் விரித்திருந்தாள். ஏழில் மேடு இல்லை. பதினாலில் மேடு இல்லை. மற்றவர்கள் எல்லோரும் முன்னைவிட வட்டமாக, வடிவாக உட்கார்ந்திருந்தார்கள். சுருட்டி எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். பட்டப்பகலில், விருதுநகர் பஜார் வழியாக, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு பெண்கள் ஓடினால் என்னவெல்லாம் கேட்பார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். "யாருக்கும்மா பிரசவம்?" என்று ஒருவர் கேட்டார்.

சார் பிளாட்பாரத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து தன் கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தார். எண்பதாம் சீட்டை அவர் கையில் கொடுத்து, "குறுக்க வாசிங்க சார்" என்றேன்.

வாசித்தார். முனகல் இல்லை. இன்னொரு முறை வாசித்தார். அச்சுத் தாளைக் கொடுத்தேன். நீலப் பென்சிலைப் பார்த்தார், இரண்டு ஆச்சரியக்குறியைப் பார்த்தார். வண்டி வருவதற்கு மணி அடித்தார்கள்.

"அப்ப ஏழு..."

"ஞாயித்துக்கெழம சார்."

"பதினாலுல வந்த அரைத் தண்ணி?"

"பொங்கல்" என்றாள் செல்லத்தாய்.

சார் செருப்பைக் கழற்றினார். பிளாட்பாரத்தில், சுமைதூக்கிகளுக்கு நடுவில், வெறுங்காலோடு ஒரு சுற்றுச் சுற்றினார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றபோது அது போய்விட்டது.

"தண்ணி போனா உன் எடமும் போகும். தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா இப்படி ஓடி வந்த?"

"பஸ் பஞ்சர் சார். இல்லாட்டி நடந்தே வந்திருப்போம்."

வண்டி வந்து நின்றது. பழைய கட்டுரையை நாலாகக் கிழித்துச் செல்லத்தாய் கையில் கொடுத்தார். "ராவுக்குள்ள புதுசா எழுதிருவேன். அந்தச் சீட்டக் குடு, அதையும் காட்டணும்" என்று ஏறினார். செருப்பு பிளாட்பாரத்திலேயே கிடந்தது. செல்லத்தாய் ஓடிப்போய் ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாக எறிந்தாள். இரண்டாவது, பக்கத்து சீட்காரர் மடியில் விழுந்தது.

கருத்தரங்கில் அவர் தண்ணீர் இல்லாத அமைப்பைப் படித்தார். தண்ணீர் எப்படிப் போயிற்று என்பதையும் சொன்னார். சபை விழுந்து விழுந்து சிரித்ததாகவும், நாலு பேர் அன்றே தங்கள் சீட்டுகளைக் குறுக்கே வாசிக்க எழுந்து போனதாகவும் வந்து சொன்னார். என் இடத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார். தண்ணீரைக் கண்டுபிடித்தவருக்கு என்றுதான் உத்தரவு, தண்ணீரை இல்லாமல் ஆக்கியவருக்கு என்று உத்தரவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வருடமும் மனுப் போட்டேன். அப்போது வேறு காரணம் சொன்னார்கள். ட்ரங்குப் பெட்டியில் அப்பா விதைப் பருத்தியை வைத்துக்கொண்டார்.

சங்கரலிங்கம் அந்த ஒரு தாளை மட்டும் புதிதாக அடித்துக் கொடுத்தார், தன் கையாலேயே கோத்து. பணம் வாங்க மறுத்துவிட்டார். "பொங்கலப் போட்டதுக்கு மன்னிச்சிருங்க தங்கச்சி" என்றார். அதன்பிறகு எங்கள் அறையில் ஒரு விதி: புதுச் சீட்டு எதுவானாலும் முதலில் குறுக்கே வாசிக்க வேண்டும். வாசித்தவர் பின்பக்கம் கையெழுத்துப் போட வேண்டும்.

இப்போது நிலவரம் இது. செல்லத்தாய் சிவகாசியில் அதே அச்சகத்தில் புரூப் பார்க்கிறாள். குறுக்கேயும் பார்க்கிறாள், நெடுக்கேயும் பார்க்கிறாள். சார் சென்னையில் அந்த இயந்திரத்தின் முன்னால் வெறுங்காலோடு சுற்றிக்கொண்டிருக்கிறார். நான் எங்கள் கிராமமான சூலக்கரையில் வீட்டில் இருக்கிறேன். ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை வேலைக்கு மனுப் போட்டிருக்கிறேன். நானும் செல்லத்தாயும் கையால் கூட்டிப் பதினொரு மூலக்கூறுகளின் அமைப்பை வெளியிட்டோம். எல்லாவற்றிலும் எங்கள் இருவர் பெயரும் இருக்கிறது. போன வாரம் சார் அந்தப் பதினொன்றையும் இயந்திரத்தில் போட்டுப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். ஒன்றிலும் ஓர் அணுவும் இடம் மாறவில்லை.